இணைக்கடனாளரின் ஒரே கேள்வி

வீடு வாங்க விழைவோர் முதற்கண் அறியவேண்டுவன யாவை என்று எவரேனும் என்னை வினவினால், மூலப்பத்திரம், வில்லங்கம், கட்டட நிறைவுச் சான்று, சங்கத்தின் தடையின்மைக் கடிதம் என்று மூச்சு விடாமல் விடையளிக்க வல்லவனாகச் சென்ற ஆனி மாதம் வரை நான் இருந்தேன். எவரும் வினவவில்லை என்பது உண்மையே. வினவாதவர்களுக்கும் விடையளித்து வந்தேன்.

முப்பத்து நான்கு ஆண்டுகளாக மராத்தி பேசும் ஊரான கட்கியில் படைக்கலத் தொழிற்சாலைக் கிடங்கு ஒன்றில் நான் எழுத்தர். எங்கள் குடியிருப்பில் ரேஷன் அட்டை முதல் வருங்கால வைப்புநிதி வரை எந்தப் படிவமாயினும் முதலில் என் வீட்டுக்கே வரும். "ஜெகதீசண்ணன் ஒருவாட்டி கண்ணால பாத்துட்டா போதும்" என்பார்கள். இத்தகைய பேச்சு ஒரு மனிதனை எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு நானே சான்று.

டிசம்பரில் எனக்கு ஓய்வு; அதன்பின் சில மாதங்களில் அரசுக் குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும். ஆகவே பிம்ப்ளே குரவ் பகுதியில் இரண்டாம் தளத்தில் ஒரு ஃப்ளாட்டைப் பார்த்து முடிவு செய்தோம். அதை விற்பவர் ஒரு மராத்தி ஆசிரியர். செவ்வாய்க்கிழமை பதிவு நடவாவிடில் வேறொருவர் காத்திருக்கிறார் என்பதைத் தேநீர் கொடுத்துக்கொண்டே தெரிவித்தார்.

வங்கி அதிகாரி என் பிறந்த தேதியைப் படித்துவிட்டு, கெட்ட செய்தி சொல்லவேண்டிய மருத்துவரைப் போலக் கண்ணாடியைக் கழற்றினார். என் சம்பளத்தை மட்டும் நம்பிக் கடன் தர இயலாதாம். கோயம்புத்தூரில் மகன் பிரணவ் தொடங்கிய தொழிலுக்கு வயது ஒன்று. அதன் வருமானம் கணக்கில் வராதாம். எஞ்சியவள் ஹிஞ்சேவாடியில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரியும் மகள் காவ்யா. அவளுடைய சம்பளச் சீட்டைக் கண்டதும் அதிகாரி கண்ணாடியை மீண்டும் அணிந்துகொண்டார்.

சனிக்கிழமை காலை நானும், மனைவி பவுனும், காவ்யாவும் ஔந்தில் வழக்கறிஞர் விசாலத்தின் அலுவலகத்துக்குச் சென்றோம். ஒப்பந்த வரைவைச் சரிபார்ப்பதும், கடன் படிவங்களில் கையெழுத்திடுவதும் அன்றைய வேலைகள். மராத்திப் பள்ளியில் படித்து, ஐம்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டித் தமிழ் கற்றவன் நான். கற்றதை வீணாக்க மனமின்றி, நாற்பத்தொரு ஐயங்களை எண்ணிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன்.

"ஐயம் ஒன்று. விற்பவர் பெயரில் முன்னரே அடமானம் உளதாயின்…"

"அவரு லோனைப் போன வருசமே அடைச்சுட்டாருங்க. பேங்க் லெட்டர் இதா இருக்கு" என்றார் விசாலம். அவர் கோயம்புத்தூர்க்காரர், எத்தனை ஐயம் வந்தாலும் முகம் சுளிக்காதவர்.

"ஐயம் இரண்டு. வரைபடத்தில் காணும் பால்கனியானது…"

"அதுவும் அனுமதி வாங்கினதுதானுங்க."

"இவரு கேள்வி கேக்க வரல மேடம்" என்றாள் பவுன். "கையெழுத்து அழகா இருக்குன்னு நீங்க சொல்லணும், அதுக்கு வந்திருக்காரு. சொல்லிடுங்க, நாங்க கெளம்பறோம்."

பதினேழாம் ஐயத்தில் நான் நடைபோட்டுக்கொண்டிருந்தபோது, கடன் படிவங்களைப் புரட்டிக்கொண்டிருந்த காவ்யா பேனாவை மூடாமல் நிமிர்ந்தாள்.

"அப்பா, ஏக் மினிட். இந்த ஃபார்ம்ல என் பேரு இருக்கு. அக்ரிமென்ட்ல எங்க?"

"எதில்?"

"வாங்கறவங்கன்னு போட்டிருக்கே, அதுல. ஜெகதீசன், பிரணவ். அவ்ளோதான், முடிஞ்சுது. நான் எங்க?"

குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். இக்கேள்வி என் குறிப்பேட்டில் இல்லை.

"நீ இணைக்கடனாளர் அல்லவா" என்றேன், அது ஒரு பட்டம் போல.

"மத்லப்? அப்படின்னா?"

"அதாவது…" என்று தொடங்கி விசாலத்தைப் பார்த்தேன். அவர் எனக்கு உதவுவார் என்று எண்ணினேன். அவர் அவளுக்கு உதவினார்.

"லோன்ல கையெழுத்துப் போட்டா, தவணை கட்டலைன்னா பேங்க் உங்களையும் கேக்குமுங்க, முழுத் தொகைக்கும். ஆனா அக்ரிமென்ட்ல பேர் இல்லைன்னா வீட்டுல உங்களுக்குப் பங்கு இல்லை. வரிச்சலுகையும் கிடைக்காது. நாளைக்கு நீங்களா ஒரு வீடு வாங்கப் போனா, இந்தக் கடன் உங்க கணக்குல நிக்கும். சார் போன்ல ரெண்டு பேர்தான் சொன்னாரு. உங்களுக்குத் தெரிஞ்சுதான் பண்றீங்கன்னு நினைச்சேனுங்க."

"எனக்குத் தெரியாது" என்றாள் காவ்யா.

என் தரப்பை விளக்குதல் கடமை எனக் கருதினேன். கிடங்கில் ஒரு சரக்கு வெளியேறுவதற்கு எழுத்தர், மேற்பார்வையாளர், காவலர் எனப் பலர் கையொப்பமிடுவர்; அதனால் சரக்கு அவர்களில் எவருக்கும் உரியதாகிவிடாது. முப்பத்து நான்கு ஆண்டுகள் பீரங்கிக் குண்டுகளுக்குக் கையெழுத்திட்ட நான் ஒரு குண்டையேனும் வீட்டுக்குக் கொண்டுவந்ததுண்டா? அவ்வாறே, திருமணமாகி வேறு குடும்பத்துக்குச் செல்லவிருக்கும் மகளானவள்…

"நான் பேங்க்குக்கு மட்டும் வீட்டு ஆளு. வீட்டுக்குன்னா காவல்காரனா?" என்றாள்.

"வாட்ச்மேனுக்காவது மாசாமாசம் சம்பளம் உண்டு" என்றாள் பவுன். "இவ மாசாமாசம் கட்டணும்."

காவ்யா பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். "நான் கையெழுத்துப் போடல."

அவள் கையெழுத்தின்றிக் கடன் இல்லை. கடனின்றி வீடு இல்லை. செவ்வாய்க்கு இரண்டே நாள்கள் இடையில் இருந்தன. நான் ஒரு தீர்வு கண்டேன். தலைமகனின் ஒப்புதலைப் பெற்று மகளின் பெயரையும் சேர்த்துவிட்டால் சிக்கல் தீருமன்றோ? பெருந்தன்மையோடு பிரணவை அலைபேசியில் அழைத்து, அனைவரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டு விவரத்தைச் சொன்னேன்.

"அப்பா, நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றான் அவன். "என் பேரை எடுத்துடுங்க. எனக்கு பிஸினஸ் லோன் வேணும். இதுல நான் இருந்தா அது நின்னுடும். எனக்கு அந்த வீடே வேணாம்பா. காவ்யா பேரு இல்லையா? அவதானே கட்டப்போறா? என்ன கணக்குப்பா இது?"

நான் அரசுரிமை அளித்த இளவரசன் அரியணையை வேண்டாமென்று சொல்லி, வேறு அழைப்பு வருகிறதென இணைப்பைத் துண்டித்தான்.

"நன்று. இடர் நீங்கிற்று" என்றேன் காவ்யாவிடம். "பிரணவ் பெயர் இருந்த இடத்தில் உன் பெயரை எழுதிவிடலாம்."

மகிழ்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அவன் வேணாம்னு விட்டதாலதான் எனக்கா? அப்படின்னா எனக்கும் வேணாம்பா. நான் ஆபீஸ் பக்கமே ரூம் பாத்துக்கறேன்."

அவள் வாசல் வரை போய்விட்டாள். என்னிடம் எஞ்சிய இருபத்து நான்கு ஐயங்களில் அவளை நிறுத்தக்கூடியது ஒன்றும் இல்லை. வேறு வழியின்றி, வீட்டில் பேசும் தமிழில் பேசினேன்.

"காவ்யா, நில்லும்மா. தப்பு பண்ணிட்டேன். உன் பேரு எனக்கு ஞாபகத்துலயே வரல. அவன் வேணாம்னதுக்கு இல்ல. ஞாபகம் வராததுதான் தப்பு."

அவள் திரும்பவில்லை. ஆனால் போகவும் இல்லை.

"எழுதிக்குடுங்க" என்றாள்.

"என்னது?"

"பாதி எனக்கு, பாதி உங்களுக்கு. கல்யாணம் ஆனாலும் பாதி பாதிதான். அக்ரிமென்ட்ல எழுதிக்குடுங்க. அம்மா இருக்கற வரைக்கும் அந்த வீட்லதான் இருப்பாங்கன்னும் எழுதுங்க. நான் படிப்பேன். இன்னிக்கு நைட் ஃபுல்லா படிப்பேன். எல்லாம் டீக், சரின்னா திங்கக்கிழமை கையெழுத்து."

"அது எப்படிங்க எழுதறதுன்னு நான் சொல்றேன்" என்று விசாலம் தட்டச்சுப் பலகையை இழுத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா" என்றாள் பவுன் என்னிடம். "உங்க நோட்டுல என் பேருகூட இல்ல. எனக்கு இது இன்னிக்குத்தான் தெரியுது."

ஞாயிறு முழுவதும் காவ்யா ஒப்பந்தத்தைப் படித்தாள். அவ்வப்போது அறைக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டு ஏதேனும் கேட்டாள். கார் நிறுத்துமிடம் தனிப் பத்திரமா, சங்கத்தின் பழைய பாக்கிகளை யார் கட்டுவார், பதிவுக்குப் பின் பத்திரம் வங்கியிடம் இருக்குமா. மூன்றில் ஒன்றுக்கு எனக்கு விடை தெரிந்திருந்தது. அந்த ஒன்றையும் அவள் விசாலத்திடம் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டாள். திங்கட்கிழமை மாலை, கம்பெனி வண்டி ஔந்தில் நிற்கும் இடத்திலிருந்து நேரே விசாலத்தின் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திட்டாள்.

செவ்வாய்க்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்தில் கூட்டம் மிகுதி. கணினியின் முன் அமர்ந்திருந்த ஊழியர் மராத்தியில் வாங்குபவரைக் கூப்பிட்டார். நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு பாதி எழுந்தேன்.

"முதல் பெயர் காவ்யா ஜெகதீசன்" என்று அவர் திரையைப் பார்த்துப் படித்தார்.

பெயர் வரிசையைப் பார்க்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை; எழுந்த பாதியை மீண்டும் அமர்த்தினேன். காவ்யா என்னைத் தாண்டிச் சென்று, கேமராவைப் பார்த்து அமர்ந்து, இடது கட்டைவிரலை இயந்திரத்தின்மேல் வைத்தாள். முதல் முறை பதியவில்லை. புடவைத் தலைப்பால் பவுன் அவள் விரலைத் துடைத்துவிட்டாள். இரண்டாம் முறை பதிந்தது.