ஜோதி அழித்த பேச்சு

நாமக்கல்லில் ஒரு லோக்கல் சேனல். முட்டை விலை, கோழித் தீவன விளம்பரம், காதுகுத்து வாழ்த்து, சாயங்காலச் செய்தி, ராத்திரியில் ஒரு பழைய சினிமா. இவ்வளவுதான் அதன் உலகம். அதில் எடிட்டிங் பார்ப்பவள் ஜோதி. எடிட்டிங் என்பது பெயருக்குத்தான். பாதி நாள் அவளுடைய வேலை, பேசுகிறவர்களின் வாயிலிருந்து கெட்ட வார்த்தையைப் பொறுக்கி எடுத்து அழிப்பது.

முன்பெல்லாம் இந்தத் தொல்லை இல்லை. தேர்தல் சண்டை, வரப்புச் சண்டை, தண்ணீர் லாரிச் சண்டை எதுவானாலும் அப்படியே போகும். ஜனங்களும் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து ரசித்தார்கள். பிறகு யாரோ புண்ணியவான் புகார் எழுதிப் போட, மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்தது. அன்றைக்குப் பிடித்த பயம் முதலாளி தண்டாயுதபாணியை விடவே இல்லை. முதலில் கெட்ட வார்த்தையின் மேல் 'கூ' என்று ஒரு சத்தம் வைக்கச் சொன்னார். பிள்ளைகள் அந்தக் 'கூ' என்ன வார்த்தை என்று போட்டி போட்டுக் கண்டுபிடித்தார்கள்.

"கூவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம் அம்மணி. சத்தமே இல்லாமப் பண்ணீரு" என்றார்.

உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தெரிந்ததும் வாயின் மேல் கட்டம் கட்டமாக மறைக்கச் சொன்னார். கடைசியில் 'சனியனே', 'கட்டையில போறவனே' கூடக் காற்றில் போகக்கூடாது என்று ஆகிவிட்டது. ராத்திரி சினிமாவில் கதாநாயகியின் இடுப்பைக் கேமரா சுற்றிச் சுற்றி வருகிறதே என்று ஜோதி ஒரு நாள் கேட்டாள். "அது சென்சார் பார்த்து உட்டதுதான" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். வீட்டுக்குப் போனால் அவள் தம்பி அன்பு செல்போனில் வெப் சீரிஸ் வைத்துக்கொண்டு சாப்பிடுவான். அவள் பகலெல்லாம் அழித்த வார்த்தைகள் அத்தனையும் அங்கே ரசத்தோடும் அப்பளத்தோடும் ஓடிக்கொண்டிருக்கும். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஜோதிக்கு எரிச்சலாக வரும். அத்தனை வார்த்தைகளைக் கேட்டும் அவள் வாயால் ஒன்றைக்கூடச் சொன்னது கிடையாது.

சத்தத்தை அழித்தால் வார்த்தை மட்டும் போகாது. பின்னாலிருக்கும் பஸ் ஹார்ன், ஆள் நடமாட்டம், காக்கைக் கத்தல் எல்லாமே சேர்ந்து போகும். பார்ப்பவருக்குக் காது அடைத்துக்கொண்டது போலிருக்கும். ஜோதிக்கு ஒரு பழக்கம், கெட்ட வார்த்தை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பாகவே அழிக்க ஆரம்பித்துவிடுவாள். அந்த முந்தலை வைத்தே இது ஜோதி வெட்டியது என்று சொல்லிவிடலாம்.

போன மாதம் ரிப்போர்ட்டர் மதன் ஆஸ்பத்திரி வாசலில் எடுத்த ஒரு காட்சியைக் கொண்டுவந்தான். எருமப்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்த நிலா என்ற பெண் கிணற்றில் விழுந்து செத்துப்போயிருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகவில்லை. பெண்ணின் அம்மா ராமாத்தாள், ஜேடர்பாளையத்துக்காரி, மைக்கைப் பார்த்ததும் ஓவென்று கத்தினாள். ஜோதி முதல் கெட்ட வார்த்தையைக் கேட்டாள். செய்திக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகத் தேடி அழிக்கப் பொறுமையில்லாமல், முதல் கெட்ட வார்த்தையிலிருந்து கத்தல் ஓயும் வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்து அழித்துவிட்டாள். வாயையும் மறைத்தாள். அன்றைக்கே அந்த மெமரி கார்டில் ஒரு கோயில் கும்பாபிஷேகம் பதிவாகி, பழையது இல்லாமலே போய்விட்டது.

பிறகு அவள் அதை மறந்தும் போனாள். ராமாத்தாளின் தம்பி கந்தவேல் ஆபீஸ் படியேறி வரும் வரைக்கும் மறந்துதான் இருந்தாள்.

"ஏனுங்க அம்மணி, எங்க அக்கா பேசுனத அழிச்சது நீங்களுங்களா?"

"ஆமாங்க. கெட்ட வார்த்தைங்க அது. போடக் கூடாதுன்னு சட்டம்."

"அதத் திருப்பிக் குடுத்துருங்க."

ஜோதிக்கு முதலில் புரியவில்லை. சிடி கேட்கிறான் என்று நினைத்தாள். அவனோ நின்ற இடத்திலேயே கண் கலங்கினான். டிவியில் வந்த அன்றிலிருந்து அக்காவுக்கு அந்தப் பேச்சு வருவதில்லை என்றான். சோறு கேட்பாள், மாட்டை அதட்டுவாள், பக்கத்து வீட்டில் நலம் விசாரிப்பாள். மகள் செத்ததைப் பற்றி வாயைத் திறந்தால் மட்டும் உதடு அசையும், சத்தம் வராது. டாக்டர் பார்த்துவிட்டு அதிர்ச்சி என்று சொன்னாராம். பூசாரி வேறென்னவோ சொன்னாராம்.

"புதங்கெழம கோட்டாட்சியர் ஆபீஸ்ல விசாரணைங்க. கல்யாணமாயி ஏழு வருசத்துக்குள்ள செத்தா அவிங்கதான் விசாரிப்பாங்களாமா. அக்கா வாயே தொறக்கலீன்னா புள்ள தானா உழுந்துட்டாளுன்னு எழுதி மூடிருவாங்க. அன்னிக்கி நான் உள்ளார கையெழுத்துப் போட்டுட்டு இருந்தனுங்க, அக்கா என்ன பேசுனாளுன்னு எனக்கே தெரியல. கூட நின்னவங்களுக்கு அவ திட்டுனது மட்டுந்தான் நெனப்பிருக்கு. அவளுக்கு எழுதவும் தெரியாது. கீழதான் நிக்கறா, கூட்டியாரட்டுங்களா?"

ராமாத்தாள் வந்து உட்கார்ந்தாள். ஒல்லியான உடம்பு, சாயம்போன நூல் சேலை. ஜோதி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "நல்லாருக்கோணும் சாமி" என்றாள். குரல் தெளிவாகத்தான் இருந்தது. இவளுக்கு என்ன குறை என்று ஜோதி நினைத்தாள்.

"அம்மா, அன்னிக்கி ஆஸ்பத்திரி வாசல்ல என்னங்க சொன்னீங்க?"

ராமாத்தாள் வாயைத் திறந்தாள்.

முதலில் மின்விசிறியின் சத்தம் நின்றது. விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கீழே பரமத்தி ரோட்டில் போன லாரி சத்தமில்லாமல் போனது. கந்தவேல் இருமினான், அந்த இருமலும் கேட்கவில்லை. அறையையே யாரோ பஞ்சுக்குள் திணித்தது போல இருந்தது. நடுவில் ராமாத்தாளின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டே இருந்தன. பிறகு எல்லாச் சத்தமும் ஒரேயடியாகத் திரும்பி வந்து காதில் மோதியது.

பேய் பிசாசு என்று ஜோதி பயப்படவில்லை, அதைவிட மோசம். அந்த மௌனம் அவளுக்குத் தெரிந்த மௌனம். கொஞ்சம் முன்பாகவே தொடங்கிய அந்த முந்தல், முடிகிற இடத்தில் இருந்த அவசரம், எல்லாம் அவளுடைய கைவேலை. தான் வெட்டிய துண்டு இந்தப் பொம்பளையின் தொண்டைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"மறுக்காச் சொல்லுங்கம்மா. மெதுவாச் சொல்லுங்க."

திரும்பவும் மௌனம். ஜோதி இந்தத் தடவை உதட்டையே பார்த்தாள். எத்தனையோ உதடுகளைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தவள். எந்த எழுத்துக்கு உதடு ஒட்டும், எதற்குப் பல் உதட்டைத் தொடும் என்று அவளுக்கு அத்துப்படி. சத்தம் திரும்பியதும் தனக்குப் புரிந்ததைச் சொல்லிப் பார்ப்பாள். ராமாத்தாள் தலையை ஆட்டுவாள், அல்லது இல்லை என்று அசைப்பாள். முதல் வார்த்தை அந்தக் கெட்ட வார்த்தைதான். ஜோதி அதைச் சொல்லாமல், "அந்தப் பேச்சுங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலை ஆடியது.

"வந்து...?"

ஆமாம்.

"வந்து உம் மகனை...? இல்லீங்களா? உம்மவ... உம்மவளோட... பொணத்தையா?"

ஆமாம்.

"வந்து உம்மவ பொணத்தத் தூக்கிட்டுப் போ. போடியா?"

ராமாத்தாள் வேகமாகத் தலையாட்டினாள். ஜோதிக்குக் குழப்பமாக இருந்தது. பெற்ற மகளைப் பறிகொடுத்தவள் திட்டுகிறாள் என்றால் மருமகனை அல்லவா திட்ட வேண்டும். 'உம்மவ' என்றும் 'போடி' என்றும் இவள் யாரைச் சொல்கிறாள்?

இன்னும் ஒருமுறை சொல்லச் சொன்னாள். இந்த முறை கடைசியை மட்டும் பார்த்தாள். 'போடி'க்குப் பிறகு வாய் ஓயவில்லை. இன்னும் ஏதோ இருந்தது. கடைசியில் உதடு ஒருமுறை ஒட்டிப் பிரிந்து, உடனே இன்னொரு முறை ஒட்டியது. மா. ப்.

"மாப்ள" என்றாள் ஜோதி. "போடின்னாருங்க மாப்ள. அதுதானுங்களா? மாப்ள சொன்னதையா சொன்னீங்க?"

ராமாத்தாள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

இவள் யாரையும் திட்டவில்லை. தன்னைத் திட்டியதைத்தான் சொல்லியிருக்கிறாள். நம் பேச்சில் யார் சொன்னது என்பது கடைசியில்தான் வரும். 'என்றான்' வருகிற வரைக்கும் பொறுத்துக் கேட்டவனுக்குத்தான் அது யாருடைய வாய் என்று தெரியும். ஜோதி முதல் வார்த்தையிலேயே காதை மூடிக்கொண்டவள். அந்த 'ன்னாருங்க'வையும் சேர்த்து இழுத்து அழித்தவள். ஊரே டிவியில் பார்த்தது ஒரு வாயாடிப் பொம்பளையை.

"போன்ல சொன்னாருங்களா?"

ஆமாம்.

"எப்பங்க? பொழுது சாஞ்சா?"

இல்லை. ராமாத்தாள் விரலைத் தூக்கி உச்சி வானத்தைக் காட்டினாள்.

கந்தவேல் இடையில் புகுந்தான். "உச்சிப் பொழுதுலயா? அக்கா பஸ் ஏறி அங்க போயிச் சேரவே பொழுதாயிருச்சுங்க. அப்பக்கூட அவிங்க புள்ளையக் காணமுன்னு தேடிட்டுத்தானுங்க இருந்தாங்க. பொழுது சாயறப்ப ஆடு புடிக்கப் போயி உழுந்துட்டாளுன்னு எழுதிக் குடுத்துருக்காங்க. அப்ப உச்சியிலயே பொணமுன்னு அவனுக்கு எப்புடிங்க தெரியும்?"

புதன்கிழமை ஜோதி லீவு சொல்லிவிட்டு அவர்களோடு போனாள். கோட்டாட்சியர் அலுவலகத்து வராந்தாவில் மருமகன் சரவணமுத்து, துவைத்து மடித்த வெள்ளைச் சட்டையோடு, சொந்தக்காரர்கள் சூழ உட்கார்ந்திருந்தான். அவர்களைப் பார்த்ததும் எழுந்து மரியாதையாகக் கும்பிட்டான். பார்க்கிறவர்களுக்கு அவன் மேல் பரிதாபம்தான் வரும்.

உள்ளே அதிகாரி ஒரு பெண்மணி. பக்கத்தில் தட்டச்சு செய்ய ஒருவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு. "பயப்படாமச் சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி.

ராமாத்தாள் வாயைத் திறந்தாள். விசிறிச் சத்தம் செத்தது. தட்டச்சுக்காரர் விசையைத் தட்டினார், அது ஓசையில்லாமல் அமுங்கியது. அதிகாரி காதில் விரலை விட்டு ஆட்டிக்கொண்டார். சத்தம் திரும்பியபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"என்ன ஆச்சு இப்போ?"

"நான் சொல்றேனுங்க மேடம்" என்று ஜோதி எழுந்தாள்.

"நீங்க யாரு?"

"இவங்க பேச்ச அழிச்சவ நாந்தானுங்க."

கிணறு, போன், உச்சிப் பொழுது, எல்லாவற்றையும் சொன்னாள். "மாப்ள போன்ல இவங்கள ரொம்ப அசிங்கமாப் பேசி..." என்று வந்ததும் தட்டச்சுக்காரர் தலை நிமிராமலே அடித்தார். அடித்ததை வாசித்தும் காட்டினார். "தகாத வார்த்தைகளால் திட்டியதாகவும்..."

ராமாத்தாளின் கை ஜோதியின் மணிக்கட்டைப் பிடித்தது. இரும்புப் பிடி. வேண்டாம், வேண்டாம் என்று தலையை அசைத்தாள். ஜோதிக்குப் புரிந்தது. இங்கேயும் அதே வேலைதான் நடக்கிறது. எழுத்தில் செய்கிறார்கள், அவ்வளவுதான். இதைச் செய்யச் சொல்லி எடுத்துக் கொடுத்ததும் தான்தான்.

"அப்படி எழுதாதீங்க சார். சொன்னத சொன்னபடியே எழுதுங்க."

"ஆபீஸ் பைல்ல அதெல்லாம் எழுத முடியாதும்மா."

ஜோதி கண்ணை மூடிக்கொண்டாள். "ஏண்டி தேவிடியா" என்று ஆரம்பித்தாள்.

அவள் வாயிலிருந்து வந்த குரல் அவளுடையதில்லை. கரகரத்து, அழுது அழுது உடைந்த ராமாத்தாளின் குரல். அதற்குப் பின்னால் அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருந்த ஆம்புலன்ஸ் ஹார்னும், ஒரு கூட்டத்தின் இரைச்சலும், எங்கோ ஒரு குழந்தை அழுவதும் அந்த அறைக்குள் கேட்டன. "ஏண்டி தேவிடியா, வந்து உம்மவ பொணத்தத் தூக்கிட்டுப் போடி..." ஜோதியின் வாய் அங்கே நின்றுவிட்டது. மீதியை ராமாத்தாளே சொன்னாள். சொந்தத் தொண்டையில், சத்தமாக, அந்த நாசமாய்ப் போனவனுக்கும் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்து.

"...ன்னாருங்க மாப்ள."

அதிகாரி மெல்ல, "எழுதுங்க" என்றார். "ஒரு எழுத்து விடாம எழுதுங்க. இவங்க நம்பருக்கும் மாப்பிள்ளை நம்பருக்கும் அன்னிக்கு என்னென்ன கால் போச்சுன்னு கேட்டு வாங்கணும், அதையும் குறிச்சுக்குங்க." விசைகள் சத்தத்தோடு அடிக்க ஆரம்பித்தன. ராமாத்தாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, மகளுக்காக, இத்தனை நாள் கழித்து, கேட்கும்படியாக அழுதாள்.

ஜோதி நிமிர்ந்தாள். சாத்தியிருந்த ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே சரவணமுத்து வந்து நின்றிருந்தான். அவன் அவளைத்தான் பார்த்தான். கும்பிட்ட முகம் அதில் இல்லை. உதடு மட்டும் அசைந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சத்தமும் வரவில்லை. பல் கீழுதட்டைத் தொட்டது, வாய் அகலத் திறந்து மூடியது, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. ஜோதிக்கு அதைப் படிக்க இரண்டாவது தடவை தேவைப்படவில்லை.

"மேடம், ஜன்னலப் பாருங்க. இப்பவும் அதையேதான் சொல்றாருங்க."

அதிகாரி திரும்பினார். அவன் உதடு இன்னும் நிற்கவில்லை.