யாரென்று கேட்காத கதவு

கொரின் எழுதிய வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. 'யாரென்று ஒரு வார்த்தை கேட்காமலே கதவு திறந்தது.' ஆறு மணி டிவி செய்தியில் அவளே அதை வாசித்தாள். அந்தப் பள்ளிக் கதவைத் திறந்த மிஸஸ் ஹாலரனுக்கு வேலை போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டபோதும், அவள் முதலில் செய்த காரியம் அந்த வாக்கியத்தை மறுபடி எடுத்து வாசித்ததுதான். ஒவ்வொரு சொல்லும் சரியாகவே இருந்தது.

நவம்பர் வந்தால் ஒஹையோவின் டிவி நிலையங்களுக்குப் பரீட்சை மாதம். எத்தனை வீடுகளில் யாருடைய செய்தி ஓடுகிறது என்று கணக்கெடுப்பார்கள். விளம்பரக் கட்டணம் அதை வைத்துத்தான். அந்த வருடம் அக்டோபர் கடைசியில் பக்கத்து மாநிலத்துப் பள்ளி ஒன்றில் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்துவிட்டான். பிள்ளைகள் தலைமேல் கைவைத்து வரிசையாக வெளியே வரும் படத்தை ஹெலிகாப்டரிலிருந்து எடுத்திருந்தார்கள். அதே படம் இரவுக்கு இரவு ஓடியது.

"பெத்தவங்க தூக்கமில்லாம கிடக்காங்க," என்றார் செய்தி ஆசிரியர் ரஸ். "நம்ம ஊர்ப் பள்ளிக்கூடம் எப்படி இருக்குன்னு பார்ப்போம். அஞ்சு கதவு. மறைவா ஒரு கேமரா. யார் உள்ள விடுறாங்கன்னு பாரு."

பட்டியலில் ஐந்தாவதாக இருந்தது கொரின் படித்த தொடக்கப்பள்ளி. அதை அவள் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேலை இன்னொருவர் கைக்குப் போய்விடும் என்று பயந்தாள். அங்கே பழைய ஆட்கள் யாரும் இருக்கமாட்டார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

முதல் நான்கு கதவுகளும் திறக்கவில்லை. அழைப்பு மணிக்குப் பக்கத்து ஒலிபெருக்கியில் பேர், வேலை, அடையாள அட்டை எல்லாம் கேட்டார்கள், திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாவது பள்ளிக்குப் போனபோது மழை கொட்டியது. ஒளிப்பதிவாளர் வெண்டல் வண்டியிலிருந்து காதுக்கருவியில் பேசிக்கொண்டிருந்தான்.

"கையைக் கட்டாத தாயே. சட்டைப் பொத்தான்லதான் கேமரா இருக்கு. படம் பூரா உன் முழங்கைதான் வரப்போகுது."

"குளிருதுடா."

"எனக்கும்தான் குளிருது. ஹீட்டர் ஒரு பக்கம்தான் வேலை செய்யுது."

அவள் மணியை அழுத்துவதற்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் உருவம் எழுந்து வந்தது. அவள் படித்த நாளிலேயே வாசல் மேசையில் இருந்த மிஸஸ் ஹாலரன். தலை நரைத்துவிட்டது, ஆனால் அதே கழுத்துச் சங்கிலி, அதில் தொங்கும் அதே மூக்குக்கண்ணாடி. கதவு திறந்தது.

"கொரின் வாஸ்கோதானே நீ? அடக் கடவுளே, குடை கூடவா இல்ல? உள்ள வா, உள்ள வா. அம்மா எப்படி இருக்காங்க?"

கொரின் உள்ளே போனாள். அலுவலகத்தில் யாரையோ பார்க்க வேண்டும் என்று முனகிவிட்டு, ஒரு நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டாள். வண்டியில் ஏறியதும் வெண்டல், "இது செல்லாது. உன்னைத் தெரிஞ்சுதானே திறந்தாங்க," என்றான்.

படத்தொகுப்பு அறையில் ரஸ் அதை ஒருமுறை ஓடவிட்டார்.

"நாலு கதவு பூட்டியிருந்துச்சுன்னா அது செய்தியா? திறந்தது இது ஒண்ணுதான்."

"அவங்களுக்கு என்னைத் தெரியும், ரஸ். சின்ன வயசுலேருந்து."

"அதனால என்ன? தெரிஞ்சவங்கன்னா பையில துப்பாக்கி இருக்காதா? அந்த ஊர்ல புகுந்தவனும் அங்க படிச்சவன்தான்." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லையாகப் போயிற்று. "சரி, அந்தம்மாவுக்குக் கெட்ட பேர் வேண்டாம். முகத்தை மறைச்சுடு. குரலையும் எடுத்துடு, குரலை வச்சுக் கண்டுபிடிச்சுடுவாங்க. அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவங்க நல்லதுக்கு. கொரின் அதைப் பிடித்துக்கொண்டாள். முகத்தின் மேல் ஒரு மங்கல் வட்டத்தை வைத்தாள். குரலைத் துடைத்தாள். மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. அதன்மேல் தன் வாக்கியத்தை வைத்தாள்.

டிசம்பரில் ரஸ் அவளைத் திரும்ப அதே பள்ளிக்கு அனுப்பினார். நம் செய்தியால் என்ன மாறியது என்று காட்ட வேண்டும். வாசலில் புது இரும்புக் கதவு. உள்ளே, மிஸஸ் ஹாலரனின் மேசை இருந்த இடத்தில், இடுப்பில் துப்பாக்கியோடு ஒரு காவலாளி. தலைமை ஆசிரியர் டென்ஹாம் கேமராவுக்கு முன்னால் எல்லாம் சரியாகச் சொன்னார். வெண்டல் விளக்கை அணைத்த பிறகுதான் கொரின் கேட்டாள்.

"கதவைத் திறந்ததுக்காகவா அவங்களை அனுப்பிட்டீங்க?"

"கதவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். நானே எழுதினேன்." டென்ஹாம் அவளை நேராகப் பார்க்கவில்லை. "உன்னைத் தெரியும், பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன்னு பள்ளியை நிர்வகிக்கிற கல்விக் குழுகிட்ட சொன்னாங்க. குழு உங்க செய்தியைப் போட்டுப் பார்த்துச்சு. பேச்சுக் குரலே இல்ல. யாருன்னு கேட்கவே இல்லைன்னு நீயே சொல்ற. முழுப் பதிவைக் கேட்டு உங்க ஆபீசுக்கு எழுதினோம். ஒளிபரப்பாததை யாருக்கும் தரமாட்டோம்னு பதில் வந்துச்சு. கடைசியில பொய் சொன்னதுக்காகத்தான் அனுப்பினாங்க. கதவுக்காக இல்ல."

கேட்கவே இல்லை என்பது உண்மை. தெரிந்த பிள்ளையிடம் யார் நீ என்று எதற்குக் கேட்பார்கள்?

அன்று சாயங்காலமே அவள் பொத்தான் கேமராவின் முழுப் பதிவைத் தன் போனுக்கு மாற்றினாள். வெண்டல் பார்த்தும் பார்க்காததுபோல் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "ரஸ்ஸுக்குத் தெரிஞ்சா உனக்கும் இங்க வேலை இல்ல," என்றான்.

"தெரியும்."

காலையில் அதை டென்ஹாமுக்கு அனுப்பினாள். மதியம் பதில் வந்தது. மிஸஸ் ஹாலரன் பொய் சொல்லவில்லை என்று குழுவின் பதிவேட்டில் திருத்திவிடுவார்களாம். ஆனால் அவருடைய சம்பளத்தில்தான் காவலாளியை வைத்திருக்கிறார்கள்; கொடுக்க வேலை இல்லை.

மிஸஸ் ஹாலரன் வீட்டுக் கதவில் சதுரமான ஒரு கண்ணாடி உண்டு. கொரின் தட்டியதும் திரைச்சீலை விலகியது. உள்ளே இருப்பவர் தன்னை நன்றாகப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

"யாரு?"

"கொரின்."

"எந்த கொரின்?"

"கொரின் வாஸ்கோ, மிஸஸ் ஹாலரன்."

கதவு சங்கிலி போகும் அளவுக்குத் திறந்தது. கொரின் வழி நெடுக ஒத்திகை பார்த்து வந்த வார்த்தைகளில் பாதியைச் சொன்னாள். மன்னிப்பு என்ற சொல் வந்ததும் மிஸஸ் ஹாலரன் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அது கிடக்கட்டும். எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். நான் உன் பேரைச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"குழுவுல அவங்க திரும்பத் திரும்பக் கேட்டாங்க. பேரைச் சொன்னீங்களா, மனசுக்குள்ள நினைச்சீங்களான்னு. வீட்டுக்கு வந்து யோசிச்சுப் பார்த்தா எனக்கே நிச்சயமா தெரியல. வயசாயிடுச்சு போலன்னு நினைச்சேன். என் பையன்கூட, டாக்டர்கிட்ட போலாமான்னு கேட்டான்."

கொரின் கதவு இடுக்கில் போனைப் பிடித்து ஓடவிட்டாள். மழை. கதவின் கிறீச்சல். பிறகு அந்தக் குரல், அவசரமாக, சந்தோஷமாக.

மிஸஸ் ஹாலரன் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பார்ப்பதற்கு அதிகம் எதுவும் இல்லாத அந்தப் படத்தையே பார்த்தார்.

"இன்னொரு தடவை போடு."

கொரின் போட்டாள்.

"உங்கம்மாவைக்கூட விசாரிச்சிருக்கேன்," என்றார் அவர், தனக்குள் சொல்வதுபோல. கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்டார். "சரி. சொல்லியிருக்கேன்."

உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை. கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.