மேற்கே எட்டடி

சபைக் கோயிலில் இரண்டாம் மணி அடித்தபோது தகடு மறுபடியும் சிவந்தது.

ஜெபகுமாரி மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தாள். திரையில் ஒரு தட்டையான இரும்புத் தகடு பத்து ஜோடி உருளைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஜோடியும் அதைக் கொஞ்சம் மடித்தது. கடைசி ஜோடியைத் தாண்டும்போது அது கூரைத் தகடாகியிருக்க வேண்டும். ஏழாவது வரை பச்சை. எட்டில் விளிம்பு மஞ்சளானது. ஒன்பதில் சிவந்தது. வெளியே வந்தபோது இரண்டு ஓரமும் நெளிந்து நின்றன.

திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் அவளுக்கு இதுதான் வேலை. உருளைகளை எஃகில் கடைந்த பிறகு தப்பு தெரிந்தால் எஃகு போயிற்று. அதனால் முதலில் கணினிக்குள் செய்து, கணினிக்குள் தகட்டை ஓட்டிப் பார்ப்பார்கள். அங்கே சிவந்த தகடு பட்டறையில் நேராக வந்ததை அவள் இதுவரை பார்த்ததில்லை.

இது கம்பெனி வேலை இல்லை. அண்ணனுக்கு.

மீசை முளைத்த வயதில் ஷார்ஜாவுக்குப் போனவன் ராபின்சன். அங்கே கூரைத் தகடு ஓட்டும் இயந்திரத்தில் நின்றான். போன வருஷம் கட்டடங்கள் பாதியில் நின்றுபோக, கம்பெனியை மூடினார்கள். தனக்குச் சேரவேண்டியதற்கு ஈடாக ஒரு பழைய இயந்திரத்தைக் கேட்டு வாங்கிக் கப்பலேற்றினான். உருளை மாட்டும் ஸ்டாண்டு பத்து அதில். பதினான்கு உள்ளதும் ஒன்று அங்கே கிடந்தது. அதை ஏன் எடுக்கவில்லை என்று போனில் கேட்டபோது, "நம்ம எடத்தில பத்துதான் பிள்ளே கொள்ளும்" என்றான்.

எல்லோரும் இயந்திரத்துக்கு இடம் பார்ப்பார்கள். அவன் இடத்துக்கு இயந்திரம் பார்த்தான்.

இடம் பத்து சென்ட். குடிகிடந்த மண் குடிகிடந்தவனுக்கே என்று சட்டம் வந்தபோது அப்பா நேசையனுக்குக் கிடைத்தது. தெற்கே வீடு. வடக்கே கால்வாய்க் கரை. இரண்டுக்கும் நடுவே, கிழக்கு ரோட்டிலிருந்து மேற்கு எல்லை வரை ஒரு நீளக் கீற்று. அதில்தான் ஷெட் போட்டுத் தரைக்குக் கான்கிரீட்டும் ஊற்றியாகிவிட்டது. இயந்திரம் நாளைக் காலை கொச்சியிலிருந்து வருகிறது. இன்று ஆராதனை முடிந்து போதகர் வந்து ஜெபம் பண்ணுவார். உருளைகளை மட்டும் புதிதாகக் கடைய வேண்டும். அதற்கு ஜெபகுமாரி வரைபடம் தரவேண்டும்.

ராபின்சன் வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் மாட்டிக்கொண்டே வந்தான்.

"கோயிலுக்கு வரல்லியா?"

"அண்ணா, இதப் பாரு."

குனிந்து பார்த்தான். "செவப்பு நல்லாத்தானே இருக்கு. அப்பனுக்க கட்சிக்கொடி நெறமாக்கும்."

அவள் சிரிக்கவில்லை. "ஓரம் இழுபடுது. நடுவு நேராப் போவுது, ஓரம் சுத்திப் போவுது. சுத்திப் போனது நீண்டு போவும். பெறவு நடுவோட சேராது. நெளியும்."

"அப்பம் மெதுவா ஓட்டுவோம்."

"மெதுவாப் போனாலும் வழி அதுதானே."

"அந்த நெறத்த மாத்திவிடப்படாதா? நீ படிச்சவளில்லியா?"

"மாத்தலாம். தகடு மாறாது."

ராபின்சன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். திரையில் நெளிந்த ஓரத்தின்மேல் விரலை வைத்தான். அவனுக்கு அது தெரிந்த சங்கதி.

"இப்பிடி வாறத அங்க வேலிக்குக் குடுப்போம். கூரைக்கு ஒருத்தனும் எடுக்கமாட்டான்."

செய்து பார்த்ததையெல்லாம் அவள் சொன்னாள். உருளைகளின் விட்டத்தைக் கூட்டிப் பார்த்தாள். தகடு போகப் போகக் கீழே இறங்கும்படி உருளைகளைச் சாய்த்துப் பார்த்தாள். எட்டாவது பச்சையாயிற்று, அவ்வளவுதான். மடிப்பின் உயரத்தைக் குறைத்தபோது எல்லாமே பச்சையாயிற்று. ஆனால் அந்தத் தகடு பாறசாலையில் எல்லாக் கடையிலும் உண்டு, பெரிய கம்பெனிகளின் பெயர் போட்டு. ராபின்சன் விற்க நினைத்தது இடவப்பாதிப் பருவமழையைத் தாங்கும் ஆழமான மடிப்பு. பொழியூர் வரை போய் வீடு வீடாகச் சொல்லியும் வைத்திருந்தான்.

"பின்ன என்னதான் வேணும் அதுக்கு?"

"நீளம். ஸ்டாண்டு கூட்டினாலும் நீளம். உள்ளத தள்ளித் தள்ளி வெச்சாலும் நீளம். எட்டடி."

"கிழக்க?"

"பஞ்சாயத்து ரோட்டுக்கு விடச் சொன்ன எடமாக்கும்."

மேற்கே என்று அவன் கேட்கவில்லை.

எழுந்து பின்வாசல் வழியாகப் போனான். அவளும் போனாள்.

ஷெட்டின் கான்கிரீட் முடிந்து ஒரு கை அகலம் தள்ளி அப்பாவின் கல்லறை இருந்தது. அதற்கப்புறம், முன்பு இந்த மண்ணுக்கும் உடைமைக்காரராயிருந்த ஜென்மி வீட்டு ரப்பர் மரங்கள். கல்லறைமேல் அம்மா ரத்னபாய் கொப்பரை காயப்போட்டிருந்தாள். நிழல் விழாத இடம் அந்தப் பத்து சென்டில் அது ஒன்றுதான். கோயிலுக்கு உடுத்திய சேலையோடு நின்று காகம் விரட்டிக்கொண்டிருந்தாள்.

"எலே, நேரமாவல்லியா? போதகர் உன்னத்தான் தேடுவாரு."

"அம்மா," என்றான் ராபின்சன். "நம்ம சபைக் கல்லறைத் தோட்டத்தில இப்பம் எடம் உண்டா?"

அம்மா காகத்தைப் பார்த்தாள்.

"எனக்கா?"

அவன் ஷெட்டின் பக்கம் திரும்பினான். அம்மா ஷெட்டைப் பார்த்தாள். கான்கிரீட்டின் விளிம்பைப் பார்த்தாள். பிறகு மகளின் முகத்தை.

"எவ்வளவு வேணும்?"

"எட்டடி," என்றாள் ஜெபகுமாரி.

அம்மா கொப்பரைகளைப் புரட்டத் தொடங்கினாள்.

"பட்டயம் கிட்டின பெறவும் இந்த வேலி ரெண்டு தடவ நடந்து வந்தது," என்றாள். "ராத்திரி அங்க இருக்கும், விடிஞ்சா இங்க இருக்கும். உங்கப்பன் கேஸுக்குப் போனாரு, கொடி பிடிச்சு ஜாதாக்குப் போனாரு. கடைசீல சொன்னாரு, என்னக் கோயில்ல கொண்டு போடாத, எல்லையில போடு, எனக்க மேல ஏறி எவன் வேலி கெட்டுவான் பாக்கட்டும்ணு."

"அது அந்தக் காலம்மா. இப்பம் ஆரு வேலி நடத்துதா?"

"இப்பம் நடத்துதாண்ணு நான் சொல்லல்ல. குழி வெட்டினது நீதானே, உனக்குத் தெரியாதா."

ராபின்சன் கல்லறையின் மூலையில் கை வைத்தான். அப்பா இறந்தது அவனுக்கு விசா வந்த மாதம். வெட்டுகல் பாறை மண். கூலிக்கு ஆள் கிடைக்காமல் அவனே வெட்டினான். உள்ளங்கைக் கொப்புளத்தோடு விமானம் ஏறியதாக அம்மா எல்லோரிடமும் சொல்வாள்.

"வேண்டாம்ணு சொல்லும்மா," என்றான். "நான் விட்டுருதேன்."

"நான் ஏன் சொல்லணும்? உனக்கு வயசு நாப்பதாவப் போவுது. கையில இது ஒண்ணுதான் உண்டு. நான் வேண்டாம்ணு சொல்லுவனா?"

"அப்பம் எடுக்கலாம்ணு சொல்லு."

"அதையும் நான் சொல்லமாட்டேன் மக்கா."

சபையில் பாட்டு தொடங்கிவிட்டது. அம்மா நின்ற இடத்திலேயே உதட்டை அசைத்து ஒரு வரி சேர்ந்து பாடினாள். பிறகு நிறுத்திக்கொண்டாள்.

மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். ராபின்சன் செருப்பைக் கழற்றவில்லை. மேசையருகே நின்று, "ஒருக்கக்கூடி ஓட்டு பிள்ளே" என்றான்.

"அதேதான் வரும் அண்ணா."

"ஓட்டு."

அவள் எதையும் மாற்றவில்லை. மாற்ற எதுவும் மிச்சமில்லை. ஷெட்டில் ஓடப்போவதுபோலவே தகடு கிழக்கிலிருந்து புறப்பட்டு மேற்கே போயிற்று. அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து மாட்டிக்கொண்டு, மகளின் தோளுக்கு மேலாகக் குனிந்தாள். பச்சை பச்சையாக உருளைகள் கடந்தன. ராபின்சன் ஒன்பதாவதற்கு முன்பே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அம்மா விரலை நீட்டித் திரையில் சிவந்த ஓரத்தைத் தொட்டாள். கொப்பரை எண்ணெய் பட்டு அந்த இடம் மங்கியது.

"மக்கா, இந்தச் செவப்பு நிக்குத எடத்திலயா உங்கப்பன் கெடக்காரு?"