கையெழுத்துப் போடாத வாசகிகள்

கிளை நூலகத்தின் வரலாற்றை ஒரே பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார் நூலகத்துறை ஆய்வாளர். மூடப்போகிற இடத்துக்கு வரலாறு எதற்காம்? எரிச்சலோடுதான் எழுதினேன். ஐம்பது வருடத்துக்கு முன் நாச்சிமுத்து என்பவர் தன் பருத்திக் குடோனைக் கொடுத்தார். திருச்செங்கோட்டிலிருந்து லாரியில் அலமாரிகள் வந்தன. பதினாறு வருடமாக நான் நூலகர்.

எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. மத்தியானம் இரண்டு மணிக்கு ஊர் மருமகள்கள் ஒன்பது பத்துப் பேர் படிக்க வருவார்கள். வீட்டில் ரேஷன் கடை, தையல் வகுப்பு என்று ஏதாவது சொல்லிவிட்டுத்தான். வருகைப் பதிவேட்டில் மட்டும் பேர் எழுத மாட்டார்கள். பேப்பர் பார்க்க வருகிற மாமனார் யாராவது அதைப் புரட்டினால் தொலைந்தது.

"கையெழுத்து மட்டும் கேக்காதீங்க வசந்தாக்கா" என்றார்கள். நானும் பாவம் பார்த்து விட்டுவிட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்! பதிவேட்டின்படி இப்போது ஒரு நாளைக்கு நாலே பேர். நாலு பேருக்கு எதற்குக் கிளை என்று மேலிடத்தில் கேட்கிறார்கள்.

அந்த மருமகள்களில் அகல்யாவுக்குத்தான் அவசரம். அரசு வேலைக்கான தேர்வுக்கு இன்னும் இருபது நாள். விண்ணப்பம் போட்டது புருஷனுக்கே தெரியாது. வீட்டில் புத்தகத்தைத் திறக்க வழியில்லை. "ஆபீசரு வர்றன்னைக்கு எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தரலாமுங்க்கா" என்று அவளே மற்றவர்களையும் சம்மதிக்க வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வந்தபோது ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். "இவங்கெல்லாம் தினமும் வர்றவங்கதானுங்க சார்" என்றேன், பெருமையாக.

நல்ல மனிதர். ஒரு வெள்ளைத் தாளை மேசையில் வைத்தார். "தினமும் வர்றோம்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா, மேல அனுப்பறேன்."

அகல்யா பேனாவை எடுத்தாள். அந்த நேரம் பார்த்தா அவள் மாமனார் குணசீலன் வந்து நிற்க வேண்டும்! ஊருக்கு ஆபீசர் வந்தால் இளநீர் கொடுக்காமல் அனுப்புவது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

"நீ ஏஞ்சாமி இங்க?" என்றார் மருமகளைப் பார்த்து.

"அக்காவப் பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க மாமா." பேனாவை வைத்துவிட்டாள்.

"நாங்களும் சும்மாதானுங்க வந்தோம்" என்று மற்ற எட்டுப் பேரும் எழுந்துவிட்டார்கள்.

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் நூலகம் பிழைக்கும். ஆனால் அந்தப் பெண் மாமனாரோடுதானே வீட்டுக்குப் போக வேண்டும்? அகல்யாவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"நான்தான் தப்பாச் சொல்லிப்போட்டனுங்க சார்."

குணசீலன் சிரித்தார். "நம்மூர்ப் பொம்பளைங்களுக்குப் படிப்புல எங்கீங்க நாட்டம்? ஆனா லைப்ரரிய மூடீராதீங்க சார், ஊருக்கு அது ஒரு மரியாதை." எனக்கும் ஒரு இளநீரை நீட்டினார்.

அதைப் பிடுங்கி அவர் தலையிலேயே போட்டு உடைக்கலாம் போலிருந்தது. வாங்கிக் குடித்தேன்.