யாருடைய நெஞ்சு உயரம்?

1

இந்தக் கதை பிறந்தது கோபத்தில். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வன இலாகாவில் நினைவு மலர் போடுகிறார்களாம். மர அளவைக்கு அட்டவணை கண்டவர் என்று என் அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். எழுதி அனுப்பினேன். "நல்லா இருக்கும்மா. ஆனா அதுல உங்க அம்மா கொஞ்சம் அதிகமா வர்றாங்களே?" என்றார் மலர்க்குழுக்காரர், போனில். எழுபத்தெட்டு வயதில் சண்டை போடத் தெம்பில்லை. பக்கத்தைத் திரும்ப வாங்கிக் கதையாக்குகிறேன். கதையில் யார் எவ்வளவு வரலாம் என்பது என் பாடு.

2

அடர்ந்த கானகத்தின் நடுவே, நெடிதுயர்ந்த மரத்தை அண்ணாந்து பார்த்தபடி ஓர் இளைஞர்—

(வேண்டாம். அப்பா அண்ணாந்து நான் பார்த்ததே இல்லை. எப்போதும் எதையாவது குனிந்து அளந்துகொண்டிருப்பார்.)

எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஓர் இரும்புத் தொட்டி இருந்தது. இதுதான் சரியான தொடக்கம்.

அந்தக் காலத்தில் மரத்தை வெட்டிச் சாய்த்த பிறகுதான் அளப்பார்கள். கயிற்றைச் சுற்றி, நாலாக மடித்து, ஒரு பெருக்கல். அந்தக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு மரம் காணாமல் போகும். கேட்ட அளவு தேறவில்லை என்று இன்னும் நாலு மரத்தை வெட்டுவார்கள். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. நிற்கும் மரத்தின் சுற்றளவையும் உயரத்தையும் குறித்துக்கொண்டு, அது வெட்டப்பட்டதும் துண்டு துண்டாகத் தொட்டி நீரில் அமிழ்த்தினார். வழிந்த தண்ணீர்தான் மரத்தின் உண்மையான அளவு. போதுமான மரங்களை இப்படிப் பார்த்துவிட்டால், பிறகு எந்த மரத்தையும் வெட்டாமலே கணக்குச் சொல்லலாம்.

வழிந்த நீரை அளந்தது அம்மா. பாதி மரங்களுக்கு நாடா பிடித்ததும் அம்மா. வேலை ஓய்ந்த நாட்களில் என்னைத் தொட்டிக்குள் இறக்கிவிடுவார்கள். பட்டை ஊறிய அந்தத் துவர்ப்பு வாசனை இப்போதும்

(இல்லை, அழுகை வருகிறது. அடுத்ததற்குப் போகிறேன்.)

3

எழுத எழுத அப்பா ரொம்ப நல்லவராகிக்கொண்டே போகிறார். நிஜத்தில் முன்கோபி. மூன்றாம் வருடம் ஒருநாள், ஒரே மரத்தைத் தெரியாமல் இருவரும் அளந்துவிட்டார்கள்.

"உன் அளவு தப்பு. நாலு விரக்கடை கூட இருக்கு."

"நீங்க சொன்ன மாதிரி நெஞ்சு உயரத்துலதான் அளந்தேன்."

"நானும் நெஞ்சு உயரத்துலதான் அளந்தேன்!"

"யாரு நெஞ்சு?" என்றாள் அம்மா.

அம்மா அப்பாவின் தோளுக்குக்கூட வரமாட்டாள். மரமோ கீழே போகப் போகப் பருக்கும். அறுநூற்று நாற்பது மரங்களின் குறிப்பு நோட்டில் இருந்தது; எதை யார் அளந்தது என்று எழுதவில்லை. மரங்களோ எப்போதோ லாரி ஏறிப் போய்விட்டன. அப்பா இரண்டு நாள் அந்த நோட்டையே புரட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஒரு கம்பை அளவாக வெட்டி, "இனிமே இதுதான் நெஞ்சு" என்றார்.

4

மூன்று வருட வேலை வீண் என்று மேலதிகாரிக்கு எழுத வேண்டும். வேலையே போகலாம். அப்பாவின் கையெழுத்தில் வரைவு என்னிடம் இருக்கிறது: 'உதவியாளரின் உயரக் குறைவால் நேர்ந்த பிழை.' உதவியாளர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதைப் பார்த்து நல்ல கையெழுத்தில் நகலெடுத்துத் தந்தது அம்மாதான். அலுவலகக் கோப்பில் கிடைத்த நகலில் இப்படி இருக்கிறது: 'அளந்தவர்களின் உயர வேறுபாட்டால்.' அடியில் அப்பாவின் கையொப்பம்.

வேலை போகவில்லை. புதிதாக நாலு வருடம் கொடுத்தார்கள். அட்டவணை அச்சாகி, எத்தனையோ காடுகளுக்குப் போனது. அப்பாவும் பதவி உயர்ந்து ஓய்வு பெற்றார்.

5

முடிவுக்கு இரண்டு வழிகள் வைத்திருந்தேன். ஒன்று: அப்பா படித்தார், வெட்கப்பட்டார், பேசாமல் கையெழுத்திட்டார். இரண்டு: படிக்கவே இல்லை.

அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "போட்டாரில்ல, விடு" என்றாள்.

நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்பா எந்தக் காகிதத்தையும் இரண்டு முறை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். அம்மா எழுதியதை மட்டும் ஒருநாளும் சரிபார்த்ததில்லை.