குவேவாஸ் வீட்டு சோபா

சோபா நிலைவாசலில் சிக்கிக்கொண்டது. உள்ளே இட்செலின் அப்பா எஃப்ராயின், வெளியே எதிர்வீட்டு குவேவாஸ். ஆப்பிள் பெட்டிகளைத் தூக்கிப் பழகிய கைகள்தான். ஆனால் சோபாவை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று இருவருக்கும் பிடிபடவில்லை.

"நாலு மணிக்கு மேட்ச். அதுக்குள்ள என் சோபா வீட்டுக்கு வந்துடணும். நான் தரையில உட்கார்ந்து பார்க்க மாட்டேன், சொல்லிட்டேன்," என்றார் குவேவாஸ்.

"நமக்கு வசதியில்லன்னுதானேம்மா பார்க்க வர்றாங்க? சோபா எதுக்கு?" என்றாள் இட்செல்.

"உதவி கேக்கறவங்க வீட்டுல உட்கார இடம் இருக்கக் கூடாதுன்னு எவடி சொன்னா?" என்றாள் அம்மா.

பார்க்க வருவது உதவித்தொகை நிதிக் குழு. சர்ச் வாசலில் ஊர்க்காரர்கள் தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டை விற்றுச் சேர்க்கும் நிதி அது. வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு. இட்செலுக்கு வேதியியலில் இடம் கிடைத்துவிட்டது. இந்த உதவித்தொகை வராவிட்டால், ஆகஸ்டில் அவளும் அம்மாவோடு ஆப்பிள் தரம் பிரிக்கும் கூடத்தில் நிற்க வேண்டியதுதான்.

சோபா ஒருவழியாக உள்ளே வந்து சேர்ந்த பிறகு, நிதிக் குழுவிலிருந்து பெலேன் வந்தார். முப்பது வருடம் பள்ளி பஸ் ஓட்டியவர். "கை கழுவிக்கறேன்," என்று குளியலறைப் பக்கம் திரும்பினார். அம்மா பாய்ந்து வந்து மறித்தாள். "இங்க சமையல்கட்டுலயே கழுவுங்கக்கா!"

மோலே குழம்பு ஊற்றிய கோழியைச் சாப்பிட்டு முடித்து, பெலேன் விண்ணப்பக் கோப்பைத் திறந்தார். "வீட்டுல என்ன கஷ்டம், சொல்லுங்க."

அப்பா தொப்பியை மடியில் வைத்துச் சுழற்றினார். குளிர்காலத்தில் ஆறு வாரம் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவர். "கடவுள் புண்ணியத்துல ஒரு குறையும் இல்லைங்க."

பெலேனின் பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது. இன்னொரு கை சோபாவின் கைப்பிடியைத் தடவி, ஒரு பச்சை நூல் தையலில் வந்து நின்றது.

"போன வருஷமும் இந்தத் தையல் மேலதான் கை வச்சிருந்தேன். ஆனா அது எதிர்வீட்டுப் பிள்ளைக்காக வந்தப்ப, அவங்க வீட்டுல."

அம்மாவின் கரண்டி பாதியில் நின்றது.

"என் மகனுக்காக இதே குழு வந்து பார்த்தப்ப நான் மேஜை விரிப்பு இரவல் வாங்கினேன்," என்றார் பெலேன். "அதுல மோலேயைக் கொட்டிட்டேன். விரிப்பு குடுத்த பொம்பள இன்னிக்கு வரைக்கும் என்கூட பேசறதில்ல." பிறகு இட்செலைப் பார்த்தார். "நீ சொல்லு."

இட்செல் அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள். "சோபா இருக்கிற இடம் என்னோடது. என் மெத்தை இங்கதான் கிடக்கும். அதுல உட்கார்ந்துதான் படிப்பேன்."

"மெத்தை எங்க?"

அப்பா தரையைப் பார்த்தார். "குளியல் தொட்டியில நிறுத்தி வச்சிருக்கோம்."

பெலேன் சிரிக்கவில்லை. வெகுநேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை.

நாலாக ஐந்து நிமிடம். குவேவாஸ் வாசலில் வந்து தொண்டையைச் செருமினார். அப்பா ஒரு முனையைப் பிடித்தார். குவேவாஸ் மறுமுனையை எட்டிப் பிடிப்பதற்குள் பெலேன் பிடித்துவிட்டார். "நீ தள்ளி நில்லுய்யா. பஸ்ஸையே திருப்பினவ நான். எஃப்ராயின், இடப்பக்கம் சாய்!"

சோபா வழுக்கிக்கொண்டு வெளியேறியது. நடுச்சாலையில் இரண்டு கார்கள் அதற்காகக் காத்து நின்றன. அக்குளில் இடுக்கியிருந்த கோப்பை, வாசல் தாண்டியதும் பெலேன் இருக்கையின் மேல் போட்டிருந்தார். காற்று அதன் அட்டையைப் புரட்டப் பார்த்தது. இட்செல் ஓடிப்போய் உள்ளங்கையால் அதை அழுத்திக்கொண்டு, சோபாவோடு சேர்ந்து நடந்தாள்.