எட்டு ராத்தல்

எறும்பு ஏறாதிருக்கத் தண்ணீர்த் தட்டின் நடுவே நிறுத்தியிருந்த பால் டின் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. பாட்ரீசியா அதைக் கையில் எடுத்து இரண்டு முறை ஆட்டிப் பார்த்தாள். காலையில் தேநீருக்கு ஊற்றியது மூன்று கரண்டிதான். முந்தின நாள் அவித்து வைத்த மரவள்ளிக் கிழங்கில் ஆறு துண்டுகள் போயிருந்தன. அதற்கு முன்பு ஒருநாள், பழைய சோற்றுச் சட்டியில் ஓர் ஆள் வயிறார உண்ணும் அளவு குறைந்திருந்தது. பூனை என்று முதலில் எண்ணினாள். பூனை மூடியைத் திரும்ப மூடிவைப்பதில்லை.

வேறு காலமாக இருந்திருந்தால் இதை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். அது மலாயாவில் வெள்ளையர் ஆட்சி அறிவித்திருந்த அவசரகாலம். அரிசி பங்கீட்டில் வந்தது. பால் டின்னைக் கடைக்காரர் துளையிட்டுத்தான் விற்க வேண்டும் என்றிருந்தது. காட்டில் ஒளிந்து அரசை எதிர்த்துப் போரிடும் கம்யூனிஸ்டுகளுக்கு அது கெடாமல் போய்ச் சேர்ந்துவிடக் கூடாதல்லவா. சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மணியம் என்பவர் சைக்கிள் பம்புக்குள் அரிசியை நிரப்பிக்கொண்டு போய்ப் பிடிபட்டார். அவருடைய மனைவி மக்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கக்கூட ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

புலாவ் செபாங் இரயில்வே குவாட்டர்சில் அந்த வீட்டில் இருந்தவர்கள் மூவர். பாட்ரீசியாவின் கணவர் கிளாரன்ஸ் நிலையத்தில் சரக்குப் பிரிவுக் குமாஸ்தா. அவருடைய தம்பி செலஸ்டின் ஏழாம் வகுப்பு வரை ஆங்கிலம் படித்தவன், பத்தொன்பது வயது, டிக்கெட் கொடுக்கும் இடத்தில் தற்காலிக வேலை. ஒட்டடைக்குச்சி என்று அவள் கேலி செய்தால், குச்சி இருந்தால்தானே அண்ணி ஒட்டடை போகும் என்று பதில் சொல்லுவான். அந்தப் பேச்சு இரண்டு மாதமாக நின்றுபோயிருந்தது. மாலை ஐந்தரைக்குச் சட்டையை வெளியே விட்டுக்கொண்டு புறப்படுவான். வயிற்றுப் பக்கம் சட்டை சற்றுப் புடைத்திருக்கும். சரக்குக் கொட்டகையைத் தாண்டினால் ரப்பர் மரங்கள். அவற்றைத் தாண்டினால் காடு. அரைமணி கழித்துத் திரும்பும்போது சட்டை தட்டையாக இருக்கும்.

கணவரிடம் சொல்லிவிடலாம் என்று அவளுக்குப் பலமுறை நாக்கு நுனிவரை வந்தது. தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர். சொன்னால் நம்பமாட்டார், நம்பினால் உடைந்துபோவார். வேலை போகும், குவாட்டர்ஸ் போகும், லாரி வரும். அவள் மனக்கண்ணில் அந்த லாரியே நின்றது.

பிறகு ஒருநாள், துவைக்கப் போட்ட செலஸ்டினின் சட்டைப் பையில் ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தது. பென்சிலால் எண்கள் மட்டும் எழுதப்பட்டிருந்தன: 104, 105½, 107, 109. இரயில்வேக்காரர் மனைவிக்கு அவற்றின் பொருள் விளங்க அதிக நேரம் ஆகவில்லை. தண்டவாளத்தின் ஓரமாக மைலுக்கு ஒரு கல் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. போன மாதம்தான் தெற்கே ஓரிடத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்து ஒரு சரக்கு வண்டியைக் கவிழ்த்திருந்தார்கள். சோறு மட்டும் போகவில்லை, இடமும் குறித்துக்கொடுக்கப்படுகிறது என்று அவள் முடிவுகட்டினாள். காகிதத்தை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தாள்.

மறுநாள் பங்கீட்டுக் கடை வரிசையில் அவளுக்கு முன்னால் குஞ்சம்மா நின்றிருந்தாள். ஊரார் மாத்தா என்று சொல்லும் போலீசில் சார்ஜனாக இருந்த கந்தசாமியின் மனைவி. நல்லவள்தான், ஆனால் காது கூர்மை. பாட்ரீசியா வெகுநேரம் அரிசி விலை, வெயில் என்று பேசிவிட்டு, பிறகு மெல்லக் கேட்டாள்.

"அக்கா, வீட்டுல ஒருத்தர் செய்றது மத்தவங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னா, மாத்தாக்காரங்க நம்புவாங்களா?"

"எந்த வீட்டுல?"

"சும்மா கேட்டேங்க்கா."

"சும்மா கேக்கற காலமா இது? உங்க வீட்டுல மூணே பேரு. உன் வீட்டுக்காரரு ஆபீஸ் விட்டா வீடு. நீ இங்க நிக்கிற." குஞ்சம்மா விரல்களை மடக்கிக் காட்டினாள். ஒரு விரல் மிஞ்சியது.

பாட்ரீசியா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் பிழையாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், செலஸ்டின் அண்ணன் எதிரே ஒரு தாளை விரித்து வைத்தான். கடற்படைக்கு ஆள் எடுக்கிறார்கள்; சிங்கப்பூரில் பயிற்சி. இந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும், ஏழாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும், கண்ணும் பல்லும் குறையில்லாமல் இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் மார்பு இரண்டு அங்குலம் விரிய வேண்டும் என்று அதில் வரிசையாக எழுதியிருந்தது. மூன்று மாதத்திற்கு முன் நண்பன் கல்யாணம் என்று சொல்லிவிட்டு மலாக்கா டவுனுக்குப் போனது இதற்காகத்தான் என்றும், எல்லாவற்றிலும் தேறி எடையில் மட்டும் தவறிவிட்டதாகவும் அவன் சொன்னான்.

"நூத்துப் பன்னெண்டு ராத்தல் வேணுமாம் அண்ணே. நான் நூத்து நாலு. எட்டு ராத்தல் ஏத்திக்கிட்டு வா, அடுத்த தடவ பாக்கலாம்னு டாக்டர் சொன்னாரு."

அதன்பிறகு நடந்ததை அவன் தலைகுனிந்தே சொன்னான். சீருடைக்காரன் குடும்பத்தைக் காட்டுக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள் என்று அண்ணன் தடுப்பார் என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே தட்டில் கூடுதலாகக் கேட்கவில்லை. இலையில் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோய், நிற்கும் சரக்குப் பெட்டிகளின் பின்னால் உட்கார்ந்து தின்றான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொட்டகைத் தராசில் சுமைதூக்கி பெரியதம்பி அவனை நிறுத்துப் பார்த்தார். எண்களை எழுதிவைத்துக்கொண்டான். நேற்று நூற்றுப் பதினொன்று.

"தப்புதான் அண்ணி. உங்க வாயிலேருந்து எடுத்துத் தின்ன மாதிரிதான்."

அடுக்களை வாசலில் நின்றிருந்த பாட்ரீசியா காகிதத்தில் கண்ட எண்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். கிளாரன்ஸ் தாளைத் தன் பக்கம் இழுத்தார். வேண்டாம் என்று சொன்னால் மட்டும் நிற்பவனா நீ என்று கேட்டுவிட்டு, பொறுப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்திட்டார். இனி வேண்டியது போலீஸ் நிலையத்தில் வாங்கவேண்டிய நன்னடத்தைக் கடிதம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை காலை டவுனில் தேர்வு.

செவ்வாய்க்கிழமை அவன் போலீஸ் நிலையத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பினான். அந்த வீட்டைப் பற்றி ஒரு பேச்சு வந்திருக்கிறது, விசாரித்துத்தான் கொடுக்க முடியும், ஒரு மாதம் ஆகலாம் என்று சார்ஜன் சொல்லியிருந்தார். யார் அந்தப் பேச்சைக் கொண்டுபோனது என்று கிளாரன்ஸ் கேட்டார். யார் என்று செலஸ்டினுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"பெரியதம்பிதான். தெனம் நான் தின்னத பாத்தவன் அவன் ஒருத்தன்தான். அவன் பல்ல ஒடைக்கிறேன்."

அவன் செருப்பைத் தேடினான். பெரியதம்பி ஐம்பது வயது மனிதர், நாலு பிள்ளைகள். பாட்ரீசியா கதவை மறித்து நின்றாள்.

"அவரு இல்ல. நான்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். வரிசையில் நின்றதையும் கேட்ட கேள்வியையும் மைல்கல்லையும் அவள் சொல்லி முடித்தாள். யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். செலஸ்டின் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனான்.

புதன்கிழமை அவள் தனியாகப் போலீஸ் நிலையத்துக்குப் போனாள். கூட வருவதாக கிளாரன்ஸ் சொன்னார்; வேண்டாம் என்றுவிட்டாள். சார்ஜன் கந்தசாமி மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார். அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்குச் சொன்னது பொய்யா தங்கச்சி, இன்னிக்குச் சொல்றது பொய்யா?"

"நான் எதுவும் சொல்லல சார்ஜன். கேட்டேன்."

"சரி. கேக்க வச்சது எது?"

பால் டின், கிழங்கு, சோறு என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெரியதம்பியையும் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம் என்றாள். கேட்டாயிற்று என்றார் அவர். ஆனால் சுமைதூக்கியின் வாக்கு நண்பனுக்காகச் சொன்ன வாக்காகவும் இருக்கலாம் அல்லவா என்றார். பிறகு ஒரு தாளை அவள்பக்கம் நகர்த்தினார்.

"ரெண்டு மாசமா வீட்டுச் சாப்பாடு வெளியே போச்சு, தெரிஞ்சும் சொல்லல, இப்ப சந்தேகம் தீந்துடுச்சுன்னு எழுதுங்க. உங்க பேரு, வீட்டுக்காரர் பேரு, அடையாளக் கார்டு ஐசி நம்பர்."

"எழுதினா அவனுக்குக் கடிதம் குடுப்பீங்களா?"

"அவன் மேல இருக்கறது உங்க மேல வந்துடும். அவ்வளவுதான்லா. பேச்சுன்னு ஒண்ணு வந்தா யாரு பேர்லயாவது இருக்கணும்."

அவள் அழகான கையெழுத்துக்காரி. கன்னிமாடத்துப் பள்ளியில் பரிசு வாங்கியவள். அன்று எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கின. அவர் படித்துப் பார்த்து, ஒரு கோப்பைத் திறந்து, அதில் கோத்தார். இனி வாரத்தில் இரண்டு நாள் ஓர் ஆள் வந்து அடுக்களையைப் பார்வையிடுவான், வருத்தப்படக் கூடாது என்றார். அதன்பிறகுதான் கடிதத்தை எழுதி முத்திரை குத்தினார்.

அவள் அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். எப்படிக் கிடைத்தது என்று கிளாரன்ஸ் கேட்டார். சொன்னாள். அவர் எழுந்துபோய், திறந்திருந்த சன்னலைச் சாத்திவிட்டு வந்தார். செலஸ்டின் கடிதத்தை எடுத்துக்கொண்டான். நன்றி என்றான், அந்நியரிடம் சொல்வதுபோல.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மலாக்காப் பேருந்து. இன்னும் ஒரு ராத்தல் குறைவு. ஆறு மணிக்கே சோறு வடித்து, கருவாட்டுக் குழம்பு வைத்து, தட்டை நிறைத்து அவன் எதிரே வைத்துவிட்டு அவள் உள்ளே போகத் திரும்பினாள்.

"அண்ணி, போயிடாதீங்க."

அவள் நின்றாள்.

"இங்கயே நின்னு பாருங்க. எங்க போவுதுன்னு கண்ணால பாத்துடுங்க. நாளைக்கு யாராச்சும் கேட்டா சொல்லலாம்."

அவன் குரலில் கோபம் இல்லை. கிளாரன்ஸ் தன் தட்டை விட்டுக் கண்ணை உயர்த்தவில்லை. பாட்ரீசியா கரண்டியைப் பிடித்தபடி சுவரோரம் நின்றாள். அவன் ஒவ்வொரு கவளமாக, அவள் பார்க்கும்படி, நிதானமாக உண்டான். தட்டு காலியானதும் நீட்டினான், போட்டாள். மறுபடியும் நீட்டினான். மூன்றாம் முறை அவனுக்கு விழுங்க முடியவில்லை. தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினான். நெற்றியில் வேர்த்திருந்தது. போதும் என்று சொல்ல அவள் வாய் திறந்தாள். அந்தச் சொல்லை இந்த வீட்டில் இனித் தான் சொல்லலாமா என்பது அவளுக்குத் தெரியவில்லை.

பேருந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. அவன் நான்காம் முறை தட்டை நீட்டினான். அவள் போட்டாள்.